எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட்

படிவம் நிரப்புவதில் எனக்கு ஒரு கைராசி உண்டு. சிட்னி நோர்த்மீட்டில் எங்கள் தெருப்பக்கம் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தாட்சாயினி நிரப்பிக் கொடுத்தால் திரும்பி வராது என்பார்கள். அதனால் உங்கள் படிவத்தில் "நடந்ததைச் சுருக்கமாக விவரிக்கவும்" என்று போட்டுவிட்டு மூன்றே மூன்று கோடு விட்டிருப்பதைப் பார்த்தபோது கொஞ்சம் வருத்தமாக இருந்தது. மேலதிகத் தாள் இணைக்கலாம் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது. இணைத்திருக்கிறேன்.

தமிழில் எழுதுவதற்கு மன்னிக்கவும். ஆங்கிலம் எனக்கு நன்றாக வரும். அதில்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் அந்த விசாரணை ஒலிப்பதிவை மறுபடி மொழிபெயர்க்க, சான்றிதழ் பெற்ற ஒருவரை நீங்கள் அமர்த்தியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவருக்கும் வேலை இருக்க வேண்டுமே.

வங்கி வெளியிலிருந்து வரவழைத்த விசாரணையாளர் நீங்கள். என்னை முன்பின் தெரியாது. ஆகவே முதலில் இருந்தே சொல்கிறேன்.

எனக்கு இருபத்தேழு வயது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். எங்கள் ஆட்களுக்குள் அது படிப்பு அல்ல, பதவி. சம்பளம் இல்லாத பதவி. பட்டம் வாங்கிய அடுத்த சனிக்கிழமையே அம்மா சாப்பாட்டு மேசையைத் துடைத்து, என் லப்டொப்பை நடுவில் வைத்து, தேத்தண்ணீர் ஊற்றத் தொடங்கிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் பிளாஸ்டிக் கோப்புகளோடு ஆட்கள் வந்தார்கள். இலங்கையிலிருந்து வள்ளத்தில் வந்து பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விசாவில் இருப்பவர்கள், அவர்களுடைய சிநேகிதர்கள், சிநேகிதர்களின் மைத்துனர்கள். விசா, வரி, மருத்துவ அட்டை, வாடகை வீடு, எல்லாவற்றுக்கும் படிவம். ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒருவர் இதே வேலைக்குப் பலகை மாட்டி, கோட் போட்டு, கட்டணம் வாங்குகிறார். எனக்கு மட்டன் ரோல் கிடைக்கும். ஒரு சனிக்கிழமை ஒன்பது மட்டன் ரோல் கிடைத்தது.

படிவம் எனக்குப் பெரிய விசயமில்லை. பாஸ்வேர்ட்தான் கரைச்சல். எல்லாம் இணையத்தில் வந்தபிறகு ஒவ்வொருவருக்கும் பத்துக் கணக்கு, பத்து பாஸ்வேர்ட். அடுத்த தடவை வரும்போது ஒன்றும் ஞாபகம் இருக்காது.

கணேசலிங்கம் அங்கிள் ஒருநாள் வந்து கதிரையில் இருந்ததுமே சொன்னார்:

"பிள்ளை, நான் இந்தமுறை மறக்கேல்லை. துண்டில எழுதி வச்சனான்."

"எங்க அங்கிள் துண்டு?"

"காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள."

"காற்சட்டை?"

"மனிசி தோய்ச்சுப் போட்டா."

அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். இனி எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட். ஒருவர் மறந்தால் இன்னொருவரைக் கேட்கலாம். நல்லூர், அதை ஆங்கிலத்தில் எழுதி முதல் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். பிறகு ஒரு நட்சத்திரக் குறி. பிறகு பதினேழு. பதினேழு எங்கள் வீட்டு இலக்கம். எல்லாரும் வந்து போகிற வீடு, ஒருவரும் மறக்க மாட்டார்கள். ஒருவரும் மறக்கவும் இல்லை. அந்த வகையில் அது நான் செய்த வேலைகளிலேயே வெற்றிகரமானது.

இந்த இடத்தில் என் தொழில் என்ன என்று நீங்கள் திரும்பவும் பார்த்திருப்பீர்கள். ஓம், நான் வங்கியின் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் ஆய்வாளர். புதிதாகச் சேரும் ஊழியர்களுக்குக் காட்டும் பயிற்சிப் படங்களில் நாலாவதை நான்தான் தயாரித்தேன். "உங்கள் பாஸ்வேர்டைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லாதீர்கள்." பக்கத்தில் சிரிக்கிற அம்மாவின் படம். மற்றவருக்கு பாஸ்வேர்ட் போட்டுக் கொடுக்கும் பாதுகாப்புப் பிரிவு ஊழியரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பலாம் என்பதும் அதே படத்தின் அடியில் இருக்கிறது. அந்த வரியும் என்னுடையதுதான்.

இனி விஜிதரன் அண்ணா.

கலியாணம் முடித்து ஏழாம் மாதம் வள்ளம் ஏறியவர். மனைவி யோகராணி கிளிநொச்சியில் இருக்கிறா. இங்கே அவருடைய அகதிக் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். அதன்பிறகு ஆறு ஆறு மாதமாக நீளும் ஒரு தற்காலிக விசாவில் இருந்தார். கடைசியாக அமைச்சருக்கு ஒரு விண்ணப்பம் போட்டிருந்தோம். அது சரிவந்தால் நிரந்தரமாக இருக்கலாம், மனைவியைக் கூப்பிடலாம். ஒரு பிழையும் இல்லாத ஆள் என்று காட்டினால்தான் சரிவரும். போட்டிருந்தோம் என்றா சொன்னேன்? நான்தான் போட்டேன். எங்கள் வங்கிக் கட்டடத்தைப் பராமரிக்கும் கொம்பனியில் அவருக்குப் பகல் வேலை கிடைத்தது. அதற்கான விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பினேன். கூட்ட அறைகளைத் துடைப்பது, கோப்பி மெசினுக்குப் பால் ஊற்றுவது, எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று ஒரு இணையத்தளத்தில் பதிவது. அந்தத் தளத்தில் பதியக் கணக்கு வேண்டும். ஒன்பதாம் மாடிக் குசினியில், மதிய இடைவேளையில், என் கையில் போனைத் தந்தார். இரண்டு நிமிட வேலை. பாஸ்வேர்ட் என்ன என்று அவர் கேட்கக்கூட இல்லை.

"அதுதானே?" என்றார்.

"அதுதான்," என்றேன்.

வங்கியின் கணினிகள்மீது தாக்குதல் நடந்தது இந்த வருடம் மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை. காலை ஒன்பது நாற்பதுக்கு வங்கியின் கொடுப்பனவு அமைப்பு நின்றது. கார்ட் வேலை செய்யவில்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் போகவில்லை. சம்பளங்கள் நடுவழியில் நின்றன. சிட்னியிலும் மெல்பேர்னிலும் சனங்கள் நிறைந்த தள்ளுவண்டிகளைச் சுப்பர்மார்க்கெட்டில் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். முப்பத்தொரு மணித்தியாலம். எங்கள் தலைமை அதிகாரி தொலைக்காட்சியில் தோன்றி வாடிக்கையாளர்களின் பொறுமைக்கு நன்றி சொன்னார். வாடிக்கையாளர்கள் பொறுமையாக இருக்கவில்லை. அவர்களால் பால் வாங்க முடியவில்லை.

திருடர்கள் எப்படி உள்ளே வந்தார்கள் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. அந்தப் பிரிவில் வேலை செய்கிறவள் நான், மற்றவர்கள் கூட்டங்களுக்குப் போகிறவர்கள்.

இந்த ஆய்வு கால்தடம் பார்ப்பது மாதிரி. திருட்டுப்போன அறையில் தொடங்கி வாசல்வரை பின்னோக்கி நடக்க வேண்டும். கொடுப்பனவுக் கணினிக்குள் அவர்கள் வந்தது, வெளிக் கொம்பனிகளின் பில்களைச் செலுத்தும் கணினியிலிருந்து. அதற்குள் வந்தது, கட்டடப் பராமரிப்புத் தளத்திலிருந்து. அதற்குள் வந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்று பத்துக்கு, ஒரே ஒரு கணக்கு வழியாக. உடைத்து வரவில்லை. சரியான பாஸ்வேர்டைப் போட்டுக் கதவைத் திறந்து வந்திருக்கிறார்கள்.

கணக்கில் விஜிதரன் அண்ணாவின் பெயரைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உண்மையைச் சொல்கிறேன். நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். கோப்பி மெசினில் பால் நிறைய இருந்தது.

பாஸ்வேர்ட் எங்கே களவு போனது என்று தேடினேன். எங்கள் ஊர்ச் சங்கம் ஆண்டிறுதி இராப்போசனத்துக்கு நுழைவுச்சீட்டு விற்க ஒரு இணையத்தளம் வைத்திருந்தது. யாரோ ஒருவரின் மகன் பள்ளிக்கூட விடுமுறையில் செய்து கொடுத்தது. அதில் இருந்த எல்லாருடைய பாஸ்வேர்டும் மூன்று வருடத்துக்கு முன்பே திருடுபோய், இணையத்தில் ஒரு பட்டியலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் எடுத்த திறப்பை ஊரில் உள்ள எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்ப்பதுதான் இந்தத் திருடர்களின் தொழில். பட்டியலைத் திறந்தேன். அறுபத்து நாலு பெயர். அறுபத்து நாலுக்கும் நேரே நல்லூர், நட்சத்திரம், பதினேழு. அந்தச் சங்கத் தளத்திலும் எல்லாருக்கும் கணக்குத் திறந்து கொடுத்தது யார் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அந்தச் சனிக்கிழமை நான் மட்டன் ரோலைத் தொடவில்லை. அறுபத்து மூன்று பேரையும் வீட்டுக்கு வரவழைத்தோ போனில் கூப்பிட்டோ அவர்களுடைய பாஸ்வேர்டுகளை மாற்றினேன். ஒவ்வொன்றும் வேறு வேறு. பொறுப்பான ஆய்வாளர் அதைத்தான் செய்ய வேண்டும். இனி யாராவது போய்ப் பார்த்தாலும் அந்தப் பாஸ்வேர்ட் ஒரே ஒருவருடைய கணக்கில்தான் இருக்கும். விஜி அண்ணாவின் கணக்கை நான் தொடவில்லை. அது சான்றுப் பொருள். சான்றுப் பொருளில் கை வைப்பது குற்றம்.

நியாயமாகப் பார்த்தால் குற்றம் வங்கியுடையது. பராமரிப்புத் தளத்துக்கு பாஸ்வேர்ட் மட்டும் போதாது, போனுக்கு ஒரு இரகசிய எண்ணும் வரவேண்டும் என்று என் மனேஜர் கிரெய்க்குக்கு இரண்டு தடவை மின்னஞ்சல் எழுதியிருந்தேன். கிரெய்க், தாட்சாயினி என்ற பெயரைத் தன் வாய்க்கு ஏற்றபடி 'டாஷ்' என்று குறைத்துக்கொண்டவர். முதல் மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்குக் கட்டைவிரல் படம் வந்தது. அந்த இரண்டையும் அறிக்கையில் இணைத்திருந்தால் கிரெய்க் போயிருப்பார். பாஸ்வேர்ட் யார் போட்டது என்று அவர் திருப்பிக் கேட்டிருப்பார். நானும் போயிருப்பேன்.

திங்கட்கிழமை கிரெய்க் என் மேசைக்கு வந்தார்.

"மனிதத் தவறா, டாஷ்?" என்று கேட்டார். நோயாளியின் சொந்தக்காரர் வைத்தியரிடம் கேட்கும் குரலில் கேட்டார்.

"மனிதத் தவறுதான்," என்றேன்.

"எங்கள் மனிதரா?"

"இல்லை. கொன்ராக்ட்காரர்."

அவர் மூச்சு விட்ட சத்தம் இரண்டு மேசை தள்ளிக் கேட்டிருக்கும்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டம் இருக்கிறது. குறுக்கே ஐந்து பெட்டி, நெடுக்கே ஐந்து பெட்டி. ஒரு ஆபத்து வந்தால் இழப்பு எவ்வளவு என்று பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு போடுவோம். அன்றைக்கு ஒரு வெள்ளைத் தாளில் அதைக் கீறினேன். நான் வேலையை இழந்தால்: எங்கள் வீட்டுக் கடனில் பாதி என் சம்பளம், அப்பாவின் முதுகு இனிப் பார வேலைக்கு உதவாது, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பதினைந்து பேர் என்னைப் பார்த்துத்தான் இதே படிப்பு எடுத்திருக்கிறார்கள். சிவப்பு. கிரெய்க் போனால்: எனக்குப் பதவி உயர்வு எழுத ஆளில்லை. மஞ்சள். விஜிதரன் அண்ணா: வீடு இல்லை, நிரந்தர விசா இல்லை, பக்கத்தில் குடும்பம் இல்லை. இல்லாததை ஒருவர் இழக்க முடியாது. பச்சை.

கோபமும் இருந்தது, மறைக்கவில்லை. ஐந்து வருடம், வாரத்தில் ஒரு காலை முழுக்க, அறுபத்து நாலு பேருடைய வாழ்க்கையை என் மேசையில் கொண்டுவந்து கொட்டினார்கள். "நீ படிச்ச பிள்ளை, உனக்கு இது ரெண்டு நிமிசம்." படித்த பிள்ளையின் தலை உருளும்போது அவர்களில் ஒருவரும் வந்து படிவம் நிரப்பப் போவதில்லை. ஒரு ஆள், ஒரே ஒரு தடவை, எனக்காக ஒரு பாரத்தைத் தூக்கினால் என்ன என்று தோன்றியது. அது நியாயம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

விசாரணை வெள்ளிக்கிழமை. மொழிபெயர்ப்பாளர் செவ்வாய்க்கிழமைதான் கிடைப்பார் என்றார்கள். இயக்குநர் சபைக்கு அறிக்கை திங்கட்கிழமை போக வேண்டும்.

"டாஷ், நீ அந்த மொழி பேசுவாய் இல்லையா?" என்று கிரெய்க் கேட்டார்.

அந்த மொழி. பேசுவேன் என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஒன்பதாம் மாடிக் கூட்ட அறை. கிரெய்க், மனிதவளப் பிரிவிலிருந்து மெலிசா, பராமரிப்புக் கொம்பனியிலிருந்து வாயே திறக்காத ஒருவர், நான். ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாசுகளைக் காலையில் வைத்தது விஜி அண்ணாதான். அவர் வந்து கதிரையின் நுனியில் இருந்தார். என்னைக் கண்டதும் முகம் தெளிந்தது.

"தங்கச்சி, நீங்கள் இருக்கிறியள்தானே. அப்ப எனக்குப் பயமில்லை."

"என்ன சொல்கிறார்?" என்றார் கிரெய்க்.

"தயாராக இருக்கிறாராம்," என்றேன்.

பாஸ்வேர்டை யார் போட்டது என்று கேட்டார்கள்.

"நீங்கள்தானே போட்டுத் தந்தனீங்கள். இஞ்ச, குசினியில வச்சு. நான் பால் ஊத்திக்கொண்டு நிண்டனான்."

தானே போட்டதாகச் சொல்கிறார் என்றேன்.

அதை வேறு யாருக்காவது சொன்னாரா?

அவர் சிரித்தார். "என்ன தங்கச்சி இது, எல்லாருக்கும் அதுதானே. கணேசலிங்கம் அண்ணைக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான், அந்தாள் திரும்பவும் மறந்திட்டுது."

சிலரிடம் கொடுத்திருக்கிறார் என்றேன்.

பதினேழு என்றால் என்ன?

"உங்கட வீட்டு நம்பர்."

காரணம் ஒன்றும் இல்லையாம் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று பத்துக்கு எங்கே இருந்தார்?

"ஹெலன்ஸ்பேர்க் கோயிலில. உங்கட காரிலதானே போனனாங்கள். அம்மாவும் வந்தவ. பூசை முடிஞ்சு வடை வாங்கினனாங்கள், நீங்கள் என்னைக் காசு குடுக்க விடேல்லை."

நண்பர்களோடு வெளியே இருந்தாராம், பெயர் சொல்ல விரும்பவில்லை என்றேன்.

பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் பேசுகிறவர்களின் கழிவறைகளைத் துடைக்கும் ஒருவருக்கு ஆங்கிலம் ஒன்றும் விளங்காது என்று நினைப்பது கிரெய்க்கின் பிழை. எனக்கு அந்தப் பிழை இல்லை. நண்பர்கள், பெயர் என்ற சொற்கள் அவருக்கு விளங்கின. சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார். நான் என் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தேன்.

கடைசியாக ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று மெலிசா கேட்டார். மேசை விளிம்பில் இருந்த தண்ணீர்க் கிளாஸ் ஒன்றை அவர் உள்ளே தள்ளி வைத்தார்.

"தங்கச்சி, நீங்கள் படிச்சனீங்கள். யோசிச்சுத்தான் சொல்லுவியள்."

சொல்ல ஒன்றும் இல்லையாம் என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

உங்கள் சான்றிதழ் பெற்றவர் ஐந்து இடத்தில் பிழை கண்டுபிடித்திருக்கிறாராம். ஆறு. 'தயாராக இருக்கிறாராம்' என்பதை விட்டுவிட்டார். நல்ல ஆளாகப் பாருங்கள்.

லிஃப்டில் இறங்கும்போது விஜி அண்ணா மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, நான் சொன்னதை நீங்கள் வேற மாதிரிச் சொன்ன மாதிரிக் கிடந்தது."

"அது ஒஃபிஸ் பாசை அண்ணா. அப்பிடித்தான் சொல்லோணும். இல்லாட்டி உங்களுக்குத்தான் பிரச்சினை."

"அதுதானே பாத்தன்," என்றார். "எனக்கு உது விளங்காது."

அவரே ஏற்றுக்கொண்டார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே வேலை போயிற்று. அறிக்கை பொலிசுக்கும் போனது. பொலிஸ் வழக்குப் போடவில்லை, ஒரு கோப்பு மட்டும் திறந்தது. ஆனால் தற்காலிக விசாவில் இருப்பவருக்குக் கோப்பே போதும். ஜூன் மாதம் குடிவரவுத் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் விசாவை ஏன் இரத்துச் செய்யக் கூடாது என்பதற்குப் பத்து வேலைநாளுக்குள் விளக்கம் தரவும். விளக்கம் வராவிட்டால் கையில் இருக்கும் தகவலை வைத்தே முடிவு எடுக்கப்படும்.

கையில் இருந்த தகவல் என்னுடையது.

கடிதத்தை அவர் யாரிடம் கொண்டு வந்திருப்பார் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். சனிக்கிழமை காலை, பிளாஸ்டிக் கோப்போடு. அவருக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். அம்மா அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு என் தோளில் கை வைத்தார்.

"பிள்ளை, இவரை முதல் பார். பாவம், நித்திரையில்லாத முகம். எந்த நாசமாப் போனவன் இவரை மாட்டிவிட்டானோ."

"பாக்கிறன் அம்மா," என்றேன்.

இதுவரை சொன்னதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பிறகு அவருக்காக வந்து அந்த விசாரணை ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கிய பெண் வழக்கறிஞர் உங்களை இங்கே வரவைத்தது அதற்காகத்தான். இனிச் சொல்லப்போவதை நீங்கள் கேட்கவில்லை. உங்கள் படிவத்தில் அதற்குக் கேள்வியும் இல்லை. ஆனால் அரைகுறையாக நிரப்பிய படிவம் எனக்குப் பிடிக்காது.

அந்த விளக்கத்தை நான் எழுதினேன். நாலு பக்கம். என் வாழ்நாளில் அப்படி ஒன்றை எழுதியதில்லை. வேலை கொடுத்தவரின் கடிதங்கள், கோயில் நிர்வாகத்தின் சான்று, பன்னிரண்டு வருட வரிப் பத்திரங்கள், எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கினேன். படித்துப் பார்த்தபோது ஒரு இடத்தில் ஓட்டை இருந்தது. பாஸ்வேர்டைப் போட்டது யார், அந்த ஞாயிறு அவர் யாருடைய காரில் இருந்தார் என்ற இரண்டு வசனம் இல்லாமல் மற்ற நாலு பக்கமும் வெறும் அலங்காரம். அந்த இரண்டு வசனத்தையும் எழுதினேன். நன்றாக வந்தன.

அவை இருந்தால் திணைக்களம் வங்கியைக் கேட்கும். வங்கி ஒலிப்பதிவை எடுக்கும். அவை இல்லாவிட்டால் விளக்கம் நிற்காது. நிற்காத ஒன்றை என் பெயரில் வெளியே அனுப்ப எனக்கு மனம் வராது. என் கைராசியைப் பற்றி முதலிலேயே சொன்னேன்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. முதல் நாள்தான் எனக்குப் பதவி உயர்வு வந்து ஒஃபிஸில் கேக் வெட்டினார்கள். கிரெய்க் சிறிய உரை ஒன்று ஆற்றினார், நான் நெருக்கடியில் நிதானமானவள் என்று. நாலு இருபதுக்குத் திணைக்களத்தின் இணையத்தளத்தைத் திறந்தேன். நாலு பக்கமும் ஏறிவிட்டன. 'சமர்ப்பிக்க' என்ற நீலப் பொத்தான் ஒன்றுதான் மிச்சம். பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் ஒன்றும் அழுத்தாமல் இருந்தால் அந்தத் தளம் தானே மூடிவிடும். மூடிற்று. திரும்பத் திறக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அந்த நேரத்தில் மேசையைத் துப்புரவாக்கினேன்.

ஐந்து பத்துக்கு அவருக்குச் செய்தி போட்டேன்: "அனுப்பிட்டன் அண்ணா."

கும்பிடும் கைகளின் படம் மூன்று வந்தது. பிறகு ஒரு குரல் செய்தி. "தங்கச்சி, உங்களுக்கு நான் என்னெண்டு கைம்மாறு செய்யப்போறன்." பின்னணியில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கிரிக்கெட்.

ஜூலையில் அவரைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். விசா இரத்தானதோடு அமைச்சருக்குப் போட்ட விண்ணப்பமும் முடிந்தது. திரும்பிப் போனால் உங்களுக்கு என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று அகதிப் படிவங்களில் ஒரு கேள்வி வரும். விஜி அண்ணாவுக்கு அந்தப் பதிலை எழுதியது நான். அவருடைய அண்ணனை எங்கே கொண்டுபோனார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், என்ன நிலையில் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு யார் யார் வந்து இவரைத் தேடினார்கள் என்று ஒன்றரைப் பக்கம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா அன்றைக்கு மத்தியானம் சமைக்கவில்லை. ஆகவே அவர் எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். மிகவும் தெளிவாகத் தெரியும். ஆங்கிலத்தில் தெரியும்.

ஒகஸ்ட் பன்னிரண்டாம் திகதி அவரைக் கொழும்புக்கு ஏற்றினார்கள். மூன்று வாரமாக யோகராணி எனக்குப் போன் எடுக்கிறா. விமான நிலையத்தில் இறங்கியவரை இரண்டு பேர் விசாரிக்க வேண்டும் என்று கூட்டிப்போனார்களாம். அதற்குப் பிறகு தகவல் இல்லையாம். காணவில்லை என்று முறைப்பாடு செய்ய ஒரு படிவம் இருக்கிறதாம், ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டுமாம். அனுப்பி விடுங்கள் அக்கா, பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏற்றுவதற்கு முதல் நாள் முகாமிலிருந்து அவரும் கூப்பிட்டார். பத்து நிமிடம் தருவார்களாம். மூன்று நிமிடம் அம்மாவோடு கதைத்தார். பிறகு அம்மா போனை என்னிடம் தந்தார்.

"தங்கச்சி, இஞ்ச ஒருத்தர் சொல்லுறார், அந்த விளக்கம் திணைக்களத்துக்கு வரவே இல்லையாம். நான் சொன்னன், அப்பிடி இருக்காது, என்ர தங்கச்சி அனுப்பினவ எண்டு. நீங்கள் அனுப்பினீங்கள்தானே?"

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. பாஸ்வேர்டைப் பற்றியோ, காரைப் பற்றியோ, அந்த அறையைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. பதிலுக்குக் காத்திருந்தார். பின்னால் யாரோ நேரம் முடிந்தது என்று சொல்வது கேட்டது.

"ஓம் அண்ணா," என்றேன், "அனுப்பினனான்."

"அதுதானே," என்றார். குரல் எவ்வளவு இலேசாகிவிட்டது என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "அப்ப சரி. போயிட்டு வாறன்."

அந்த நிம்மதியோடு அவரை விமானம் ஏற்றி அனுப்ப என்னால் முடிந்தது. அவருக்காக அந்தளவுக்கு வேறு யாரும் செய்யவில்லை.